ஃப்ளீட்வுட்டும் உண்டு, மேக்கும் உண்டு, பெயர் மட்டும் இல்லை

2017 ஜூன் 9 அன்று வெளியான அந்த ஆல்பத்தின் உறையில் இரண்டே பெயர்கள்தான்: லிண்ட்சே பக்கிங்ஹாம், கிறிஸ்டின் மெக்வீ. ஆல்பத்துக்கென்று தனித் தலைப்பு கிடையாது. அந்த இரண்டு பெயர்களேதான் தலைப்பு. உள்ளே யார் யார் என்னென்ன வாசித்திருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் சங்கதி புரியும். டிரம்ஸ், மிக் ஃப்ளீட்வுட். பேஸ் கிட்டார், ஜான் மெக்வீ. ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் குழுவுக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த இரண்டு பேரால். 'மெக்வீ'யின் முன்பாதிதான் அந்த 'மேக்'. ஆக, ஃப்ளீட்வுட்டும் வாசித்திருக்கிறார், மேக்கும் வாசித்திருக்கிறார், அதே குழுவின் மூன்று பாடலாசிரியர்களில் இரண்டு பேர் பாட்டெழுதிப் பாடியும் இருக்கிறார்கள். ஆனாலும் இது ஃப்ளீட்வுட் மேக் ஆல்பம் இல்லை. ஐந்தாவது ஆளான பாடகி ஸ்டீவி நிக்ஸ் இதில் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. ஒருவர் வராவிட்டால் குழுப் பெயரைப் போடக் கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது. அதே குழு தன் வரலாற்றில் யார் யாரோ இல்லாமல் அதே பெயரில் ஆல்பம் போட்டிருக்கிறது. இந்த முறை மட்டும் ஏன் முடியவில்லை? இந்த இருவரும் ஏன் ஜோடி சேர்ந்தார்கள்? இதற்கெல்லாம் பதில் சொல்ல ஐம்பது வருடக் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் புரட்ட வேண்டும்.

முதலில் 'டூயட்' என்ற சொல்லை ஒதுக்கி வைத்துவிடலாம். நமக்கு டூயட் என்றால் காதலர்கள் இருவர் மாறி மாறிப் பாடுவது. இந்த ஆல்பத்தில் அப்படிப் பாடியவை குறைவு. ஒருவர் பாட்டில் மற்றவர் பின்குரல் கொடுப்பார், கிட்டார் வாசிப்பார், கீபோர்டில் உட்காருவார், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. ஃப்ளீட்வுட் மேக் என்றாலே ஒருவரோடொருவர் காதலித்துப் பிரிந்தவர்களின் குழு என்றுதான் உலகம் அறிந்திருக்கிறது. அந்த ஐந்து பேரில் காதல் கணக்கு எதுவும் இல்லாமல் வெறும் வேலையால் மட்டுமே இணைந்திருந்த ஜோடி ஒன்று இருந்தது என்றால் அது இந்த ஜோடிதான்.

பெயரின் கதையிலிருந்து தொடங்குவோம். 1967இல் லண்டனில் கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீன் ஒரு ப்ளூஸ் குழு தொடங்கினார். தன் பெயரை முன்னால் வைக்க அவருக்கு விருப்பமில்லை. டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டின் பெயரையும், தான் வரவழைக்க நினைத்திருந்த பேஸ் வாசிப்பாளர் ஜான் மெக்வீயின் பெயரையும் ஒட்டிக் குழுவுக்கு வைத்தார். அப்போது ஜான் குழுவில் சேர்ந்திருக்கவே இல்லை. பெயரைப் போட்டுவிட்டால் வராமலா போய்விடுவார் என்ற கணக்கு. சில வாரங்களில் வந்தும் விட்டார். 1970இல் பீட்டர் கிரீன் விலகினார். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். பெயரில் இருந்த இருவர் மட்டும் அசையவில்லை.

1974இல் ஒரு கூத்து நடந்தது. குழு சோர்ந்துபோய் ஒரு சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தியிருந்த நேரம். பெயரின் உரிமை தன்னுடையது என்று சொல்லி, அன்றைய மேலாளர் முற்றிலும் வேறு ஆட்களைத் திரட்டி 'ஃப்ளீட்வுட் மேக்' என்று அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்தார். டிக்கெட் வாங்கி வந்த ரசிகர்கள் மேடையில் ஏறியவர்களைப் பார்த்துக் கொதித்தார்கள். உண்மையான குழு நீதிமன்றத்துக்குப் போய்ப் பெயரை மீட்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்ததற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம். இந்தச் சம்பவத்தைச் சும்மா வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பெயர் என்பது இந்தக் குழுவுக்கு வெறும் அடையாளம் இல்லை, வழக்காடி மீட்ட சொத்து. அந்த வழக்குக் காலத்தில் குழுவில் இருந்தவர் கிறிஸ்டின்.

கிறிஸ்டின் பிறந்தபோது குடும்பப் பெயர் பெர்ஃபெக்ட். 1943இல் இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்து, பர்மிங்ஹாம் பக்கம் வளர்ந்தார். அப்பா வயலின் கலைஞர், இசை ஆசிரியர். மகள் முதலில் மேற்கத்திய செவ்வியல் பியானோதான் படித்தார். அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்த, ராக் அண்ட் ரோல் பியானோ கலைஞர் ஃபேட்ஸ் டொமினோவின் இசைக்குறிப்புப் புத்தகம் ஒன்று அவருடைய இடது கையை வேறு பாதைக்குத் திருப்பிவிட்டது. பிறகு கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தார், சிக்கன் ஷேக் என்ற ப்ளூஸ் குழுவில் பாடினார், 1968இல் ஜான் மெக்வீயை மணந்தார். 1970இல் கணவரின் குழுவிலேயே சேர்ந்தார். சேர்வதற்கு முன்பே அந்தக் குழுவின் ஓர் ஆல்பத்துக்கு உறைப்படம் வரைந்து கொடுத்திருந்தார்! அவருடைய பியானோவைக் கவனித்துக் கேட்டால் இடது கை எப்போதும் உருண்டுகொண்டே இருக்கும், வலது கை அளந்து பேசும். மெட்டு எளிமையாக இருக்கும். சொற்களும் அப்படித்தான், பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

லிண்ட்சே பக்கிங்ஹாம் வந்தது வேறொரு ஜோடியின் பாதியாக. 1949இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். முறையாக இசை படிக்கவில்லை, இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. நாட்டுப்புறப் பாடல் குழுக்களின் இசைத்தட்டுகளைக் கேட்டுத் தானாகக் கிட்டார் பழகியவர். மீட்டுவதற்கான சிறு தகட்டைப் பிடிக்காமல் விரல்களாலேயே கம்பிகளை மீட்டுவார். பாஞ்சோ வாசிப்பின் சாயல் அதில் இருக்கும். அவரும் காதலி ஸ்டீவி நிக்ஸும் சேர்ந்து 1973இல் 'பக்கிங்ஹாம் நிக்ஸ்' என்று ஓர் ஆல்பம் போட்டார்கள். விற்கவில்லை. நிறுவனம் கைவிட்டது. ஸ்டீவி ஓர் உணவகத்தில் பரிமாறியும், வீடு துப்புரவு வேலை பார்த்தும் இருவர் செலவையும் சமாளித்தார்.

1974இன் இறுதியில் மிக் ஃப்ளீட்வுட் ஒலிப்பதிவுக்கு இடம் தேடி, லாஸ் ஏஞ்சலஸின் வேன் நைஸ் பகுதியில் இருந்த சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவுக்குப் போனார். ஸ்டுடியோவின் ஒலித்தரம் எப்படி என்று காட்ட, தயாரிப்பாளர் கீத் ஓல்சன் அங்கே பதிவான ஒரு பாட்டைப் போட்டுக் காண்பித்தார். அது பக்கிங்ஹாம் நிக்ஸ் பாட்டு. மிக்குக்குப் பிடித்தது அந்தக் கிட்டார்தான். சில வாரங்களில் குழுவின் கிட்டார் கலைஞர் பாப் வெல்ச் விலகிவிட, மிக் லிண்ட்சேயைக் கூப்பிட்டார். வந்தால் இரண்டு பேருமாகத்தான் வருவோம் என்றார் லிண்ட்சே. இன்னொரு பெண் குழுவுக்குள் வருவதில் கிறிஸ்டினுக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொள்ளத்தான் எல்லோரும் ஒரு மெக்சிகன் உணவகத்தில் சந்தித்தார்கள். அன்று கிறிஸ்டின் முகம் சுளித்திருந்தால் நாம் இன்று இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

முதல் ஒத்திகையைப் பற்றிக் கிறிஸ்டின் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தான் எழுதிய 'சே யூ லவ் மீ' பாட்டைக் கீபோர்டில் வாசித்துக் காண்பித்திருக்கிறார். பல்லவி வந்ததும் புதிதாக வந்த இருவரும் யாரும் கேட்காமலேயே மேலும் கீழுமாகக் குரல் சேர்த்திருக்கிறார்கள். மூன்று குரல்களும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. அவருக்குப் புல்லரித்துவிட்டதாம். 1975 ஆல்பத்திலேயே லிண்ட்சேயும் கிறிஸ்டினும் சேர்ந்தெழுதிய ஒரு பாட்டு இடம்பெற்றது, 'வேர்ல்ட் டர்னிங்'. ஆக, 2017 ஜோடியின் முதல் விதை குழு சேர்ந்த வருடத்திலேயே விழுந்தது.

அடுத்து வந்தது 1977இன் 'ரூமர்ஸ்'. அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவு நடந்த நாட்களில் கிறிஸ்டின், ஜான் மண வாழ்க்கை முறிந்தது. லிண்ட்சே, ஸ்டீவி காதல் முறிந்தது. மிக்கின் திருமணமும் ஆட்டம் கண்டது. ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிய பாடல்களுக்கு அவர்களே உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தார்கள். அமெரிக்கப் பட்டியலில் மொத்தம் 31 வாரங்கள் முதலிடம், உலக அளவில் 4 கோடிக்கு மேல் விற்பனை. அன்று முதல் ஃப்ளீட்வுட் மேக்கைப் பற்றி எழுதுகிற எல்லோரும் லிண்ட்சேயும் ஸ்டீவியும் மேடையில் ஒருவரையொருவர் எப்படி முறைத்துக்கொள்கிறார்கள் என்பதையே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சண்டைக்குத்தான் வாசகர்கள் அதிகம். ஸ்டுடியோவில் சத்தமில்லாமல் நடந்த வேலை வெளியே தெரியவில்லை.

அந்த வேலை என்னவென்று பார்க்க 'ரூமர்ஸ்' ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். 'டோன்ட் ஸ்டாப்' கிறிஸ்டின் எழுதியது. ஜானை விட்டுப் பிரிந்தபோது அவருக்கே சொல்கிற ஆறுதல். ஆனால் முதலில் பாடத் தொடங்குவது லிண்ட்சே. இரண்டாவது அடி கிறிஸ்டினுக்கு. கணவனுக்கு மனைவி எழுதிய ஆறுதலை இன்னொரு ஆண் எடுத்துப் பாடும்போது அது தனிமனிதக் கதையிலிருந்து கழன்று பொதுப்பாட்டாகிவிடுகிறது. 1992இல் பில் கிளிண்டன் தன் தேர்தல் பிரசாரத்துக்கு அதைப் பயன்படுத்தியபோது அது பிரிவைப் பற்றிய பாட்டு என்று யாருக்கும் உறைக்கவில்லை. 'சாங்பேர்ட்' இன்னும் நல்ல உதாரணம். கிறிஸ்டின் தனியாகப் பியானோவில் பாடுகிற பாட்டு என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். அரங்கின் எதிரொலி வேண்டும் என்பதற்காக அதைப் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் செல்லர்பாக் அரங்கில், யாருமில்லாத இருக்கைகளுக்கு முன்னால் பதிவு செய்தார்கள். தாளம் தவறாமல் இருக்கத் துணையாகக் கிட்டார் வாசித்தவர் லிண்ட்சே. அந்தக் கிட்டார் அவ்வளவு மெல்லியது. இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் காதுக்குத் தட்டுப்படும்.

தன் பாட்டில் தன்னை எல்லா இடத்திலும் நிரப்பிக்கொள்கிறவர் லிண்ட்சே. கிறிஸ்டின் பாட்டுக்கு வரும்போது மட்டும் ஒதுங்கி நின்று வழிவிடுவார். அது பணிவு என்று நான் நினைக்கவில்லை. கிறிஸ்டினின் மெட்டு ஏற்கெனவே தன் காலில் நிற்கும், அதற்கு வேலி போட்டால் போதும் என்பது இசைக்கோப்பாளராக அவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்டீவியின் பாடல்கள் அப்படியல்ல. இரண்டு மூன்று சுரக்கட்டுகளில் (கார்டு) நீளமாக ஓடுபவை. அவற்றுக்கு உருவம் கொடுக்க லிண்ட்சே மல்லுக்கட்டுவார். அந்த மல்லுக்கட்டில் பழைய காதலும் கோபமும் சேர்ந்துகொள்ளும். அதிலிருந்து பெரிய பாடல்கள் வந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் ஓய்வாக, நட்பாக நடந்த வேலை இந்தப் பக்கம்தான்.

1982இல் 'ஹோல்ட் மீ' வந்தது. கிறிஸ்டினும் பாடலாசிரியர் ராபி பேட்டனும் எழுதியது. கிறிஸ்டினும் லிண்ட்சேயும் அடிக்கு அடி ஒட்டிப் பாடியிருக்கிறார்கள், அமெரிக்காவில் நான்காம் இடம் வரை போனது. 1987இன் 'டேங்கோ இன் த நைட்' ஆல்பம் பெரும்பாலும் லிண்ட்சேயின் வீட்டு ஸ்டுடியோவில் உருவானது. அதில் இருவரும் சேர்ந்து எழுதிய பாடல்கள் சில இருக்கின்றன. கிறிஸ்டின் தனியாக எழுதிய 'எவ்ரிவேர்' பாட்டின் தொடக்கத்தில் மணி சிதறுவது போல வருகிற ஒலியைக் கேளுங்கள். மெட்டு கிறிஸ்டினுடையது, மினுமினுப்பு லிண்ட்சேயுடையது. 1988இல் வந்த தொகுப்பு ஆல்பத்தின் அமெரிக்கப் பதிப்பில் 16 பாடல்கள். அவற்றில் 8 கிறிஸ்டின் எழுதியவை அல்லது சேர்ந்து எழுதியவை. குழுவின் முகம் ஸ்டீவி என்று எழுதுபவர்கள் இந்தக் கணக்கை வசதியாக மறந்துவிடுவார்கள்.

லிண்ட்சே 1987இல் விலகினார். பத்து வருடம் கழித்துத் திரும்பினார். அவர் திரும்பிய அடுத்த வருடமே கிறிஸ்டின் குழுவை விட்டுப் போனார். விமானப் பயணம் என்றால் அவருக்கு நடுக்கம். அப்பாவும் காலமாகியிருந்தார். கலிஃபோர்னியா வீட்டை விற்றுவிட்டு இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு கிராமத்துப் பழைய வீட்டைப் புதுப்பித்து, நாய்களோடு வாழப்போனார். 2004இல் தனி ஆல்பம் ஒன்று போட்டார், அதற்காகப் பெரிதாக ஊர் சுற்றவில்லை. கிராமத்து அமைதி காலப்போக்கில் தனிமையாக இறுகியது. கடைசியில் மனநல மருத்துவரிடம் போய்ப் பறக்கும் பயத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். ஹவாயின் மாவி தீவுக்கு அவர் டிக்கெட் போட்டபோது, அங்கே வசித்த மிக் ஃப்ளீட்வுட் லண்டனுக்கு வந்து கூடவே பறந்து அழைத்துப் போனார். 2013 செப்டம்பரில் லண்டன் ஓ2 அரங்கில் பழைய குழுவோடு ஒரே ஒரு பாட்டுக்கு மேடையேறினார். எந்தப் பாட்டு? 'டோன்ட் ஸ்டாப்'தான். 2014 ஜனவரியில் அவர் முழுமையாகத் திரும்புகிறார் என்று அறிவித்தார்கள்.

இங்கேதான் நம் ஆல்பம் தொடங்குகிறது. 16 வருடம் குழுவை விட்டு விலகியிருந்த கை. சுற்றுப்பயண ஒத்திகை தொடங்குவதற்கு முன் கிறிஸ்டின் தன் கையிலிருந்த டெமோக்களை, அதாவது மாதிரிப் பதிவுகளை, லிண்ட்சேக்கு அனுப்பினார். சிலவற்றில் சுரக்கட்டும் பல்லவியும் மட்டும், சிலவற்றில் சில வரிகள். லிண்ட்சே அவற்றைத் தன் வழக்கப்படி பிரித்து மேய்ந்து, அடுக்கி, உருக்கொடுத்துத் திருப்பினார். பிறகு மிக்கும் ஜானும் சேர, நால்வரும் மேற்கு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள வில்லேஜ் ஸ்டுடியோவில் கூடினார்கள். ஒரு காலத்தில் ஃப்ரீமேசன்களின் கூடமாக இருந்த கட்டடம் அது. அங்குள்ள ஸ்டுடியோ டி, 1979இன் 'டஸ்க்' ஆல்பத்துக்காக இந்தக் குழுவைக் கருத்தில் வைத்தே கட்டப்பட்டது. பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவான அந்த இரட்டை ஆல்பம், 'ரூமர்ஸ்' அளவுக்கு விற்கவில்லை என்பதால் அன்றைக்குத் தோல்வி என்று பேசப்பட்டது. அதே அறைக்கு 35 வருடம் கழித்துத் திரும்பியதில் லிண்ட்சேக்கு ஒரு கணக்குத் தீர்க்கும் மகிழ்ச்சி இருந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன்.

ஸ்டீவி வரவில்லை. அந்த நேரத்தில் தன் பழைய டெமோக்களைப் புதிதாகப் பதிவு செய்து தனி ஆல்பம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார். 2014 அக்டோபரில் அது வந்தது. அந்தச் செப்டம்பரிலிருந்து 2015 நவம்பர் வரை ஐவரும் ஒன்றாக உலகம் சுற்றினார்கள். சுற்றி முடித்ததும் ஸ்டூடியோவுக்கு வருவார் என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள். அவர் 2016இல் தன் தனிப் பயணத்துக்குக் கிளம்பினார். ஸ்டீவியைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் அறையில் அடைந்து புது ஆல்பம் செய்வதில் தனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது, இப்போது ஆல்பம் வாங்குகிறவர்கள் யார் என்று அவர் வெளிப்படையாகவே பேசினார். வரவுசெலவு பார்த்தால் அவர் சொன்னது சரிதான். இன்று பழைய ராக் குழுக்களுக்குச் சோறு போடுவது மேடை, ஆல்பம் அல்ல. மேடைக்கு வருபவர்கள் புதுப் பாட்டு வந்ததும் எழுந்து காபி வாங்கப் போகிறவர்கள்.

அதனால்தான் பெயர் வைப்பது சிக்கலானது. பழைய கணக்கைப் பாருங்கள். 1990 ஆல்பம் வந்தபோது லிண்ட்சே குழுவில் இல்லை. 1995இல் 'டைம்' ஆல்பம் வந்தபோது லிண்ட்சேயும் குழுவில் இல்லை, ஸ்டீவியும் இல்லை. 2003 ஆல்பத்தில் கிறிஸ்டின் பெயருக்குத்தான் தலைகாட்டினார். மூன்றுமே ஃப்ளீட்வுட் மேக் என்ற பெயரில்தான் வந்தன. ஆனால் 'டைம்' அமெரிக்காவின் 200 ஆல்பப் பட்டியலுக்குள் நுழையவே இல்லை. பெயர் மட்டும் போதாது என்பதைக் குழு அடிபட்டுக் கற்றது அங்கேதான். 2014, 15 பயணம் அதற்கு நேர்மாறான பாடத்தைச் சொன்னது: ஐந்து பேரும் நின்றால் உலகின் எந்தப் பெரிய அரங்கமும் நிறையும். அப்படிப்பட்ட நேரத்தில் நால்வர் ஆல்பத்துக்கு ஐவர் பெயரைப் போடுவது, தங்கள் சொத்தைத் தாங்களே கீறிக்கொள்வது போல. 1974இல் போலிக் குழுவை எதிர்த்து வழக்காடியவர்களுக்கு அந்தப் பெயரின் கீழ் ரசிகன் யாரை எதிர்பார்க்கிறான் என்பது தெரியாமல் இருக்காது. இது என் வாசிப்பு. அவர்கள் யாரும் இப்படி வெளிப்படையாகச் சொன்னதில்லை.

ராக் வரலாற்றில் இது புதிதும் அல்ல. லெட் செப்லின் குழுவின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் 1994இல் பழைய பாடல்களை எடுத்து, மொராக்கோ, எகிப்து இசைக் கலைஞர்களோடு சேர்ந்து ஆல்பம் போட்டார்கள். பேஸ் வாசித்த ஜான் பால் ஜோன்ஸைக் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழா மேடையில், தன் தொலைபேசி எண்ணை ஒருவழியாக நினைவுக்குக் கொண்டுவந்த நண்பர்களுக்கு நன்றி என்று ஜோன்ஸ் சொன்னார். அரங்கம் சிரித்தது, குத்து யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இதைவிடக் கொடியது கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் கதை. 1976இல் நால்வர் ஆல்பமாக உருவாகிக்கொண்டிருந்ததைப் பாதியில் ஸ்டில்ஸும் யங்கும் தங்கள் இருவர் ஆல்பமாக மாற்றி, கிராஸ்பியும் நாஷும் பாடி வைத்திருந்த குரல்களை நாடாவிலிருந்தே அழித்தார்கள். அந்தப் பக்கம் கிராஸ்பியும் நாஷும் ஏற்கெனவே தனி ஜோடியாக ஆல்பங்கள் போட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். பெரிய குழு உடையும்போது சிதறும் துண்டுகள் பெரும்பாலும் இரண்டு இரண்டாகத்தான் ஒட்டுகின்றன. தனியே நின்றால் பயம், எல்லோரும் சேர்ந்தால் சண்டை.

இந்த உதாரணங்களோடு ஒப்பிட்டால் 2017 ஆல்பம் சாதுவானது. யாரையும் யாரும் அழிக்கவில்லை. வரவேண்டியவருக்காகக் காத்திருந்தார்கள், வரவில்லை, இருவர் பெயரைப் போட்டார்கள்.

இசை எப்படி? பத்துப் பாடல்கள். தொடக்கம் லிண்ட்சே, முடிவு கிறிஸ்டின். ஏறக்குறையப் பாதி லிண்ட்சே தனியாக எழுதியவை. 'ஸ்லீப்பிங் அரவுண்ட் த கார்னர்' அவர் 2011இல் ஒரு தனி ஆல்பத்தின் கூடுதல் பாட்டாகச் சேர்த்திருந்த பழைய சரக்கு. 'இன் மை வேர்ல்ட்' பாட்டில் மூச்சிரைப்பு போல 'ஓ, ஆ' என்று குரல் துண்டுகள் வருகின்றன. 1987இன் 'பிக் லவ்' பாட்டில் அதே மாதிரி ஆணும் பெண்ணும் மாறி மாறி முனகுவதைக் கேட்டு, அந்தப் பெண் குரல் ஸ்டீவியுடையது என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் நம்பினார்கள். இரண்டுமே லிண்ட்சேயின் குரல்தான், ஒன்றை நாடா வேகத்தை மாற்றி ஏற்றியிருந்தார். முப்பது வருடம் கழித்து அதே வித்தையை எடுத்துப் போடுகிற துணிச்சல் அவருக்கு உண்டு. எனக்கு அது கொஞ்சம் சொந்தச் சரக்கையே திரும்ப விற்பதாகத்தான் தோன்றியது.

இருவரும் சேர்ந்து உருவாக்கிய 'ஃபீல் அபவுட் யூ'தான் ஆல்பத்தின் உயிர். அரை நூற்றாண்டுக்கு முந்தைய குழுப்பாட்டு பாணியில் பின்குரல்கள் துள்ளும். 73 வயதுக் கிறிஸ்டினின் குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, ஆனால் அவசரமே இல்லை. 'டூ ஃபார் கான்' பாட்டில் நடுவே மிக் ஃப்ளீட்வுட்டின் டிரம்ஸ் திறந்துவிட்டாற்போல் பாயும். பெயர் இருக்கிறதோ இல்லையோ, இது எந்தக் குழு என்று அந்த சில நொடிகள் சொல்லிவிடுகின்றன. 'கேம் ஆஃப் ப்ரிடெண்ட்' பியானோவோடு தனியாகத் தொடங்கும்போது இன்னொரு 'சாங்பேர்ட்' வரப்போகிறதென்று மனம் தயாராகிறது. பல்லவியில் எல்லோரும் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டை அப்படியே விட்டிருக்கலாம். லிண்ட்சே ஒதுங்கி நிற்கும் கலையை இங்கே கொஞ்சம் மறந்துவிட்டார்.

இல்லாத ஒருவரின் இடமும் காதில் விழுகிறது. ஸ்டீவியின் பாடல்கள் குழு ஆல்பங்களில் இருட்டைக் கொண்டுவரும், புகையும் மர்மமுமாக. அவர் இல்லாத இந்த ஆல்பம் முழுக்கப் பகல் வெளிச்சம். இரண்டு நல்ல கைவினைஞர்கள் பட்டறையில் கதவைத் திறந்து வைத்து வேலை பார்ப்பது போல. சிலருக்கு அது குறை. மூன்று பாடலாசிரியர்களும் ஒருவரையொருவர் சமன்செய்ததுதான் ஃப்ளீட்வுட் மேக் என்றால், அந்தக் காரணத்துக்காகவும் இந்த ஆல்பத்துக்கு அந்தப் பெயர் பொருந்தியிருக்காது.

பிரிட்டிஷ் பட்டியலில் ஐந்தாம் இடம், அமெரிக்காவில் பதினேழாம் இடம். அந்தக் கோடையில் இருவரும் வேறு வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் கச்சேரி செய்தார்கள், புது ஆல்பத்தின் பாடல்களில் பெரும்பாலானவற்றை மேடையில் பாடினார்கள். நடுவே ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸிலும் நியூ யார்க்கிலும் பேஸ்பால் மைதானங்களில் நடந்த இரண்டு விழாக்களில் ஐவரும் மீண்டும் ஒன்றாக நின்றார்கள். 2018 ஜனவரியில் ஒரு விருது நிகழ்ச்சியிலும் நின்றார்கள். அதுவே கடைசி. ஏப்ரலில் லிண்ட்சே குழுவிலிருந்து நீக்கப்பட்டார். பயணத் தேதிகளில் வந்த தகராறு என்று ஒரு தரப்பு சொன்னது, ஸ்டீவியின் முடிவு என்று லிண்ட்சே சொன்னார், ஸ்டீவி மறுத்தார். லிண்ட்சே வழக்குப் போட்டார், அந்த வருடமே சமரசமானது. அவர் இடத்துக்கு கிட்டார் கலைஞர் மைக் கேம்ப்பெல்லும் பாடகர் நீல் ஃபின்னும் வந்தார்கள். கிறிஸ்டின் குழுவோடு இருந்தார், அந்தப் புது அணியோடு உலகம் சுற்றினார். லிண்ட்சே நீக்கப்பட்டபோது இருவர் ஆல்பம் வந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது.

2022 நவம்பர் 30 அன்று கிறிஸ்டின் காலமானார். வயது 79. அவர் இல்லாமல் குழுவைத் தொடர்வதற்குக் காரணம் எதுவும் தெரியவில்லை என்று அடுத்த வருடம் ஸ்டீவி சொன்னார். 2025 செப்டம்பரில், பல பத்தாண்டுகளாகக் கடைகளில் கிடைக்காமல் இருந்த 'பக்கிங்ஹாம் நிக்ஸ்' ஆல்பம் முதல்முறையாகக் குறுந்தகட்டிலும் இணையத்திலும் வந்தது. ரசிகர்கள் கொண்டாடினார்கள். லிண்ட்சே இன்னொருவரோடு தன் பெயரைச் சேர்த்துப் போட்ட இரண்டு ஆல்பங்களில் ஒன்று குழுவுக்குள் நுழைவதற்கு முன் வந்தது, மற்றது வெளியேறுவதற்கு முன். முதலாவதைப் பற்றித்தான் இன்றும் பேச்சு. இரண்டாவது அலமாரியில் சத்தமில்லாமல் நிற்கிறது.

கிறிஸ்டின் புதுப் பாடல்களோடு வெளியிட்ட கடைசி ஸ்டுடியோ ஆல்பம் அதுதான். அதன் கடைசிப் பாட்டு 'கார்னிவல் பிகின்', அவர் எழுதியது. மெதுவாகத் தொடங்கி, தாழ்ந்த குரலில் ஏறிக்கொண்டே போகும் பாட்டு. சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கிறிஸ்டின் நிறுத்திக்கொள்கிறார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் லிண்ட்சேயின் கிட்டார் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.